தனித் தாமிரம் வைக்காத தட்டு

வேதியியல் துறையில் அவரைக் கலர் சார் என்பார்கள். பத்தொன்பது வருடமாக அவர் செய்தது ஒரே வேலைதான். ஒரு ஆல்டிகைடையும் ஒரு அமீனையும் சூடான எத்தனாலில் சேர்ப்பார். மஞ்சள் படிகம் விழும். அதற்கு ஷிஃப் காரம் என்று பெயர். அதோடு தாமிர உப்பைச் சேர்த்தால் பச்சை, நிக்கல் என்றால் செங்கல் நிறம், கோபால்ட் என்றால் பழுப்பு. நிறம் மாறியதும் புதிய சேர்மம், புதிய கட்டுரை. உலோகங்கள் தீர்ந்துபோனால் ஆல்டிகைடை மாற்றுவார். இப்படி நாற்பத்தொரு கட்டுரைகள். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றே: இது கிருமிகளைக் கொல்கிறது, ஒருநாள் மருந்தாகலாம்.

அந்த ஒருநாள் வரவேயில்லை. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாப்பிடும்போது கேட்பார்: "ஏங்க, இத்தனை மருந்து கண்டுபிடிச்சீங்களே, ஒருத்தருக்காவது ஒரு சிரங்கு ஆறிச்சா?"

"இது அடிப்படை ஆராய்ச்சி. உனக்குப் புரியாது."

"புரியலன்னுதானே கேக்கறேன்."

கிருமிச் சோதனையைச் சார் கையால் தொட்டதில்லை. அதைச் செய்தது நுண்ணுயிரி அறை டெக்னீசியன் அம்மா. ஏகார் கூழ் ஊற்றிய தட்டில் கிருமியைப் பூசி, சேர்மத்தில் நனைத்த காகித வில்லைகளை வைத்து, மறுநாள் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத வட்டத்தை ஸ்கேலால் அளப்பார். வட்டம் பெரிதென்றால் கொல்லும் சக்தி அதிகம். கொல்வது சேர்மமா வெறும் தாமிரமா என்று தெரிய, தாமிர உப்பை மட்டும் தனியாக ஒரு வில்லையில் வைத்துப் பார்க்கச் சார் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அந்த வருடம் துறைத்தலைவர் பதவி காலியானது. இன்னும் ஒரு கட்டுரை வந்தால் அவருக்கு. வராவிட்டால் பக்கத்து அறைக்காரருக்கு. அனுப்பிய கட்டுரைக்குப் பத்திரிகையிலிருந்து ஒரே கேள்வி வந்தது: தாமிர உப்பைத் தனியாகச் சோதித்தீர்களா?

சார் ஓடி வந்தார். "அம்மா, ஒரு தட்டு போடுங்க. சின்ன வட்டமா வந்தா போதும்."

"அதை நான் சொல்ல முடியுமா சார்? கிருமிதான் சொல்லணும்."

மறுநாள் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார்கள். சேர்மத்துக்குப் பதினான்கு மில்லிமீட்டர். தனித் தாமிரத்துக்கும் பதினான்கு.

"கண்ணைக் கொஞ்சம் இடுக்கிப் பாருங்கம்மா. பத்துதான் இருக்கும்."

"கண்ணை இடுக்கினா ஸ்கேல் சுருங்குமா சார்?"

"உப்பை அதிகமா போட்டிருப்பீங்க."

"ரெண்டுலயும் ஒரே அளவு தாமிரம். நீங்க பக்கத்துல நிக்கும்போதுதானே எடை போட்டேன்."

அதை அப்படியே எழுதியிருக்கலாம். இத்தனை வருடம் நான் காய்ச்சியது தாமிரத்தின் வேலையில் எள்ளளவும் கூட்டவில்லை என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், அவர் எழுதியதிலேயே உருப்படியான கட்டுரை அதுவாக இருந்திருக்கும். ஆனால் அவர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கேள்வியே கேட்காத வேறொரு பத்திரிகைக்கு அனுப்பினார். நான்கு நாளில் ஏற்றுக்கொண்டார்கள். தேர்வுக் குழு எண்ணிக்கையை மட்டும் பார்த்தது. கலர் சார் துறைத்தலைவரானார்.

முதல் வாரமே நுண்ணுயிரி அறைக்கு உத்தரவு வந்தது: உலோக உப்புகளை இனித் தனியாகச் சோதிக்கக் கூடாது, ஏகார் வீணாகிறது.

டெக்னீசியன் அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சார் மேசைக்கே எடுத்துப் போனார். "சார், தேதி போட மறந்துட்டீங்க."

அவர் பெருமையாகத் தேதி போட்டுக் கொடுத்தார். அது இப்போது அந்த அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. அவர் எழுதியவற்றில் மாணவர்கள் நின்று படிப்பது அது ஒன்றைத்தான்.