உப்புச் சாக்கில் போன நாசில்

இங்கிலாந்து போலீஸ் மரக்காணத்துக்கே வந்து என் கையில் விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போகும் என்று நான் நம்பினேன். பொதுவாக அல்ல, விவரமாகவே நம்பினேன். மீனம்பாக்கத்தில் இறங்குவார்கள், ஈ.சி.ஆரில் ஜீப்பில் வருவார்கள், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு உப்பளத்துக்கு வழி கேட்பார்கள். போலீஸைவிட எனக்கு இந்த வழி கேட்கிற கட்டத்தில்தான் பயம் அதிகம். எங்கள் ஊர்க்காரர்கள் வெறும் வழி சொல்லி அனுப்ப மாட்டார்கள், கூடவே வந்து ஆளைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார்கள்.

இத்தனைக்கும் நான் எதையும் கடத்தவில்லை. ஒரு என்ஜின் நாசிலைத் திருப்பி அனுப்பினேன், அவ்வளவுதான்.

2006 பொங்கல் முடிந்த கையோடு எங்கள் உப்பளத்து என்ஜின் நின்றுவிட்டது. கடற்கழியிலிருந்து உப்புத் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றித் தருவது அதுதான். பழைய இங்கிலாந்துச் சரக்கு. அதை என் தலையில் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள்; நான் பெருமையாகத் தலையைக் குனிந்து கொடுத்தேன் என்பதே சரி. டீசலைப் புகைபோலப் பீய்ச்சி அடிக்கும் நாசில் அதில் தேய்ந்துவிட்டது. புதுச்சேரியில் கிடைக்கவில்லை. சென்னையில் ஒரு கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, மியூசியத்துலருந்து தூக்கினு வந்துட்டீங்களா?" என்றார்.

உப்பளக் குத்தகை என் மனைவியின் பேரில். பாத்தியில் இறங்கி வேலை பார்ப்பவளும் அவள்தான். என்ஜினைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று வீட்டில் ஓர் ஏற்பாடு. பக்கத்துப் பாத்திக்காரர் தன்னுடையது நிறைந்ததும் மிச்சத் தண்ணீரை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். ஆனால் சித்திரை வெயில் ஏறிவிட்டால் அவருக்கே பற்றாது. அதற்குள் எங்கள் என்ஜின் ஓடாவிட்டால் அந்த வருஷம் எங்களுக்கு உப்பே கிடையாது. மனைவி இதை ஒரு தடவைதான் சொன்னாள். 

கோட்டக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாய் எனக்குச் சிநேகிதர். அவருடைய அண்ணன் துபாயில் இருந்தார். வெளிநாட்டில் செல்லுகிற அந்த அண்ணனின் கார்டு நம்பரைப் பாய் வைத்திருந்தார். பாய் ஏதோ ஒரு ஏல வெப்சைட்டைத் திறந்து தேடினார். அச்சு அசல் எங்கள் நாசில், இங்கிலாந்தில் யாரோ ஒருவரிடம் இருந்தது.

"ஒருதரம், ரெண்டுதரம்னு யாரு பாய் சொல்றது?"

"யாரும் சொல்ல மாட்டாங்கண்ணே. டைம் முடியறப்போ யாரு அதிகமா கேட்டிருக்காங்களோ, அவங்களுக்கு."

கடைசி வரைக்கும் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன், எவனாவது குறுக்கே வந்துவிடுவானோ என்று. எவனும் வரவில்லை. உலகத்திலேயே அந்த நாசில் தேவைப்பட்டவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

நாசில் வந்து சேர்ந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு போய் மாட்டினேன்.

"இன்னாய்யா, மாட்டிச்சா?" என்றாள் மனைவி.

"மாட்டிச்சு. உள்ளதான் போக மாட்டேங்குது."

"அதுக்குப் பேரு மாட்டறதாய்யா?"

திருகுகிற மரை பெரிது. படத்தில் காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று. மறுநாளே பாயிடம் போய், "கேஸ் போடு பாய்!" என்று குதித்தேன். அந்த வெப்சைட்டில் அதற்கென்றே ஓர் இடம் இருந்தது.

"இருங்கண்ணே. எடுத்த எடுப்புல கேஸ் போட்டா அந்தாளு ஸ்டார் கொறைஞ்சிடும். அப்புறம் முரண்டு புடிப்பான். மொதல்ல நல்லவிதமா எழுதுவோம்."

சரி என்று, கலெக்டருக்கு மனுக் கொடுக்கிற தோரணையில் நான் சொல்ல ஆரம்பித்தேன். உயர்திரு ஐயா அவர்கள் சமூகத்துக்கு, கடலோரக் கிராமத்தில் உப்பையே நம்பிப் பிழைக்கும் அடியேன், என்று மூச்சு விடாமல் போனது. பாய் ஒரே வரி தட்டினார்.

"நான் அவ்ளோ சொன்னேனே பாய்?"

"எல்லாம் இதுல இருக்குதுண்ணே."

படத்தில் இருப்பதைத்தான் அனுப்பினேன் என்று பதில் வந்தது. ஆதாரம் காட்ட, கம்ப்யூட்டர் மேலே ஒட்டியிருந்த கேமராவுக்கு முன்னால் நாசிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் படம் எடுத்து அனுப்பினார். "ஒரு பெரிய கட்டைவிரல் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை" என்று எழுதினார் அந்த மனிதர். இரண்டாம் தடவை விரலை ஒதுக்கிப் பிடித்தேன். ஆள் நேர்மையானவர். தவறு தன்னுடையதுதான், அதைத் திருப்பி அனுப்புங்கள், கைக்கு வந்ததும் சரியானதை அனுப்புகிறேன் என்றார்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாசில் பெட்டிக்குள் ஆடக் கூடாது அல்லவா? கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, சுற்றிலும் கோணித் துண்டுகளைத் திணித்தேன். உப்பளக் கொட்டகையில் கோணிக்கா பஞ்சம்? எல்லாம் உப்பு கட்டின சாக்கு. உதறிவிட்டுத்தான் திணித்தேன். ஆனால் உப்பளத்துக்காரன் உதறுகிற உதறல் எத்தனை சுத்தமாக இருக்கும்? எங்கள் சட்டைப் பையில் கைவிட்டாலே விரலில் உப்பு ஒட்டும். அதை நாங்கள் அழுக்கென்று நினைப்பதே இல்லை. பெட்டிக்கு மேலே துணி சுற்றி, கோணி ஊசியால் தைத்து, அரக்கு வைத்து அனுப்பிவிட்டு, மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பாய் போன் பண்ணி உடனே வரச் சொன்னார். போனேன். திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்ணே, அந்தாளு மெயில் போட்டிருக்காரு. உங்க பார்சல அங்க கஸ்டம்ஸ்ல நிறுத்தி வெச்சிருக்காங்களாம். உள்ளருந்து வெள்ளையா பவுடர் கொட்டுதாம். டெஸ்ட்டுக்கு அனுப்பிருக்காங்களாம். இது இன்னான்னு அந்தாளையே கூப்ட்டு விசாரிச்சாங்களாம்."

"பவுடரா? நான் எந்தப் பவுடரும்..." என்றபோதுதான் கோணி ஞாபகம் வந்தது. 

"யா அல்லா, எங்கண்ணன் கார்டுண்ணே! உப்புன்னு எழுதிப் போட்டுடலாமா?"

"எழுதாத பாய்! எழுதுனா ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்!"

எதை ஒத்துக்கொண்ட மாதிரி என்று எனக்கே தெரியாது. 

அன்றிலிருந்து கொட்டகையே கதி. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் உப்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். பதுங்குவதற்கு வேறு இடம் கிடைக்காமல், என்னை மாட்டிவிட்ட உப்புக்குப் பின்னாலேயே பதுங்கினேன்.

"யாராச்சும் கேட்டா நான் ஊர்ல இல்லன்னு சொல்லு" என்றேன் மனைவியிடம்.

"ஊர்ல இருந்தப்போ மட்டும் இன்னா கிழிச்ச?" என்றாள். பிறகு வரப்பைப் பார்த்தாள். பக்கத்துப் பாத்திக்காரர் எங்கள் பக்கம் வரும் வாய்க்காலை அடைக்க மண் வெட்டிக்கொண்டிருந்தார். "பங்குனி பொறந்தாச்சுய்யா. உன்னப் புடிச்சினு போறதுன்னா போவட்டும். எனக்கு நாசிலு வரணும்."

புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிக் கோட்டக்குப்பம் போய்விட்டாள். பாய் பின்னால் என்னிடம் சொன்னார்: "அண்ணி வந்து உக்காரவே இல்லண்ணே. 'அது உப்பு. நாங்க உப்பு எடுக்கறவங்க. சந்தேகம்னா நக்கிப் பாக்கச் சொல்லு'ன்னாங்க. கடைசி வரிய மட்டும் நான் போடல."

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. நான் கொட்டகையில் இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் ஓலைத் தட்டிச் சந்தில் பார்க்கிறேன், காக்கிப் பேன்ட் ஒன்று வரப்பில் வந்துகொண்டிருக்கிறது. "ஃபாரின் விஷயமா வந்திருக்கேன், சாரு இருக்காரா?" என்ற குரலும் கேட்டது. பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். உப்பளத்தில் ஓடக் கூடாது என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இரண்டாவது பாத்தியில் குப்புற விழுந்தேன்.

எழுந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தால், வரப்பில் எங்கள் தபால்காரர் கையில் பெட்டியோடு நிற்கிறார்.

"இன்னாங்க, என்னப் பாத்து இந்த ஓட்டம் ஓடறீங்க? நான் இன்னா பண்ணேன்?"

"அது ஒண்ணுமில்லீங்க, தண்ணி ஆழம் பாக்குறாரு" என்றாள் மனைவி. "யோவ், ஏறி வந்து கையெழுத்துப் போடுய்யா."

நடந்தது இவ்வளவுதான். அங்கே அந்தப் பவுடரைச் சோதித்தார்கள். உப்பு. கோணியைத் தூக்கிப் போட்டுவிட்டு நாசிலை அந்த மனிதரிடம் கொடுத்தார்கள். அவர் சரியான நாசிலை அனுப்பிவைத்தார். அன்று சாயங்காலமே அதை மாட்டினேன், உள்ளே போயிற்று, என்ஜின் ஓடியது. சித்திரை பிறக்கும்போது எங்கள் பாத்திகளில் தண்ணீர் இருந்தது. என்னைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை.