தன் பெயருக்குப் புள்ளடி

இரண்டாயிரத்து ஏழில் என் கணவர் நோர்வேயில் எங்கள் வட்டாரசபைத் தேர்தலில் நின்றார். நின்றவர் அவர், களைத்தவள் நான். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து ரொம்மனில் இருந்த எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே ஆட்கள் இருப்பார்கள். சப்பாத்தைக் கழற்றியதும் நேரே குசினிதான். தேத்தண்ணீர், ரோல்ஸ். வந்தவர்கள் எல்லோரும், "ஓம் ஓம், உங்களுக்குத்தானே" என்று வாயைத் துடைத்துக்கொண்டு போவார்கள். மற்றக் கட்சிகளில் நின்ற தமிழர் வீடுகளிலும் அதையேதான் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி வழியாக ஐரோப்பா முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும். லண்டனில் இருக்கும் அவருடைய அக்கா, அங்கே தொகுதியில் முதலாவதாக வருபவருக்குத்தான் எல்லாம், மற்றவர்களுக்குப் போட்டது குப்பைக்கு என்பார். ஜெர்மனியில் இருக்கும் தம்பி, தங்களுக்கு வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என்று இரண்டு வாக்கு, ஆனால் சின்னக் கட்சிகள் பாடு திண்டாட்டம் என்பார். இவர் விடமாட்டார்.

"இஞ்சை ஒரு வோட்டும் வீணாப் போகாது அக்கா. கட்சிக்கு விழுறதுக்கு ஏத்த மாதிரி இடம். அந்த இடத்திலை ஆர் இருக்கிறதெண்டு, பேருக்குப் பக்கத்திலை சனம் போடுற புள்ளடிதான் சொல்லும்."

கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் அவர் வெல்ல வேண்டும் என்று மனதார விரும்பினேன். வந்த புதிதில் அலுவலகங்களில் மேசை துடைத்தவர். முடிவெடுக்கிற மேசை ஒன்றில் ஒருமுறையாவது உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

வாக்களிக்கும் நாள் பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்தே போனோம். நான் கட்சியின் பட்டியலை எடுத்து, அவர் பெயருக்கு மட்டும் புள்ளடி போட்டு, மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். அவர் வாக்குப் போடும் மறைப்புக்குள் நெடுநேரம் நின்றார். எனக்குக் கால் உளைந்தது. மனிதர் ரசித்துப் போடுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை கட்சியிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். கடைசி இடத்துக்கு இவரும், பட்டியலில் இவருக்கு மேலே இருந்த ஒரு நோர்வேப் பெண்ணும் புள்ளடிகளில் சரிசமம். சமமாக வந்தால் பட்டியலில் மேலே இருப்பவருக்குத்தான் இடம்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று கேட்டேன்.

"உங்கடை வோட்டையும் சேர்த்துத்தானே சமம்?"

"நான் எனக்குப் போடேல்லை."

"பின்னை?"

"மற்ற எல்லாருக்கும் போட்டனான். அவவுக்கும்தான். தன்ரை பேருக்குத் தானே புள்ளடி போடுறது எப்பிடியப்பா? வெக்கமாக் கிடந்தது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வீடாக ஏறி வாக்குக் கேட்கும்போது வராத வெட்கம், ஒருவரும் பார்க்காத மறைப்புக்குள் வந்திருக்கிறது! அத்தனை நாள் நின்று பொரித்த கை இது. நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். சண்டை பிடிக்கவும் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை.

தொலைபேசி அடித்தது. லண்டன் அக்கா. அவர் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன்.

"என்ன, தம்பி வெண்டிட்டானோ?"

"இல்லை அக்கா. எங்கடை சனம் காலை வாரிப் போட்டுது."

அக்கா அரை மணித்தியாலம் சனத்தைத் திட்டித் தீர்த்தார். இவர் தலை குனிந்தபடி பக்கத்தில் இருந்தார். நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.