எங்கள் வீடுகளுக்கு வந்த கம்ப்யூட்டர் ஜெயந்தி

அன்று காலை என் கணினித் திரையில் எழுத்துகள் எல்லாம் திடீரென்று பெரிதாகிவிட்டன. ஒரு வரி முழுதாகத் திரைக்குள் நிற்கவில்லை. எதை அமுக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. வழக்கம்போல ஜெயந்திக்குப் போன் செய்தேன். எடுத்தது அவள் கணவர் சேகர்.

“அக்கா, ஜெயந்தி இல்லீங்க அக்கா,” என்றார்.

வெளியே எங்காவது வேலைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்து, “எப்ப வருவா?” என்று கேட்டேன்.

“வெடிகாலைல மூச்சு வாங்குதுன்னா. ஜீப்ல ஏத்தி கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். பாதி மலைலயே போய்ட்டா அக்கா.”

அவரே மறுபடியும் பேசினார்: “நீங்க இன்னாத்துக்குப் போன் பண்ணீங்க? கம்ப்யூட்டர்ல எதுனா பிரச்சினையா?”

“ஒண்ணுமில்ல சேகர். சும்மாதான்,” என்றேன்.

எங்கள் மலையூரான ஜமுனாமரத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இதைப் படிக்கும் பலருக்கு ஜெயந்தியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கும் அவள் வந்திருப்பாள். உங்களையும் ஒரு முறையாவது திட்டியிருப்பாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் மலைக்குக் கீழே கலசப்பாக்கம் பக்கத்துப் பெண். நெல் விளைவிக்கும் குடும்பம். கணினிப் பட்டயம் படித்துவிட்டு, ஜீப் ஓட்டும் சேகரைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். சந்தைக்குப் போகும் தெருவில் கணினி பழுது பார்க்கச் சின்னதாக ஒரு கடை வைத்தாள். கடையில் அவளைப் பார்ப்பது அபூர்வம். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பாள். சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் வராமல் இருந்ததும் இல்லை.

நான் இந்த மலையில் கிராம செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பெங்களூரில் இருக்கும் என் மகள், முகம் பார்த்துப் பேசலாம் என்று ஒரு கணினி வாங்கி அனுப்பினாள். ஒரு மழைக்காலத்தில் அது திடீரென்று உயிரை விட்டது. அப்போதுதான் ஜெயந்தியை முதலில் பார்த்தேன். வந்தவள் பெட்டியைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.

“எப்பத்திலேர்ந்து இப்டி? அதுக்கு முன்னாடி இன்னா பண்ணீங்க? கரெண்டு போய் வந்துச்சா? வேற யாரனா கை வச்சாங்களா?”

நான் சிரித்துவிட்டேன். பிரசவ வலி என்று வருகிற பெண்ணிடம் நான் கேட்கிற முறை அதுதான். “நான் ஒண்ணும் பண்ணலம்மா,” என்றேன்.

“எல்லாரும் அதான் சொல்றாங்க. ஒண்ணும் பண்ணாம எதுவும் ஆவாது அக்கா. யோசிச்சு சொல்லுங்க, நான் திட்டமாட்டேன்.”

இடி இடித்தபோது பிளக்கைப் பிடுங்காமல் விட்டதைச் சொன்னேன். திட்டினாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். உள்ளே பஞ்சுபோலத் தூசி. நடுவில் கருகிப்போன ஒரு பல்லி. பெயிண்ட் அடிக்கும் பிரஷ் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துத் தூசியைத் தட்டினாள். அன்று அவள் சொன்னவற்றை இன்றுவரை மீறியதில்லை. பெட்டியைத் தரையில் வைக்கக்கூடாது. இடி கேட்டால் கரண்டு வயரோடு இண்டர்நெட் வயரையும் பிடுங்க வேண்டும், ஏனென்றால் மின்னல் எந்த வழியாகவும் வரும். பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் காற்று போக இடம் விட வேண்டும். “அதுக்கும் மூச்சு முட்டும்,” என்றாள்.

மலை ஊர்களில் பல வீடுகளில் இருக்கும் ஒரே கணினி, பள்ளியில் பெண்ணுக்கோ பையனுக்கோ கொடுத்த இலவச மடிக்கணினிதான். அதில்தான் கல்யாண வீடியோ, அதில்தான் பட்டா நகல், அதில்தான் சினிமா. ஜெயந்தி எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்வி கேட்பாள். “இது இப்பவே கீழ வுழுந்து ஒடைஞ்சா, எதுக்காக அழுவீங்க?” அவர்கள் யோசித்து ஏதாவது சொல்வார்கள். பெரும்பாலும் போட்டோ. உடனே அதை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டு, வேறு ஒருவர் வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்வாள். அதே வீட்டுப் பீரோவில் வைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் எங்கள் மகளிர் குழுவோடு அவள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பெயரை வைக்காதீர்கள், பிறந்த தேதியை வைக்காதீர்கள், உங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை நீளமான வாக்கியமாக வையுங்கள், உங்களுக்கு மறக்காது, அடுத்தவருக்குத் தோன்றாது என்று சொல்லிக்கொடுத்தாள். குழுத்தலைவி சரோஜா அன்றே மாற்றிவிட்டாள். மறுவாரம் சந்தையில், புளி விற்றுக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி ஜெயந்தியைக் கூப்பிட்டாள்.

“ஜெயந்தி, சூப்பரா வச்சுட்டேன்! எங்க வூட்டு கருப்பு ஆடு வேலி தாண்டி ஓடிப்போச்சு!”

ஜெயந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அக்கா, ஆட்ட மாத்துங்க. சந்தைக்கே தெரிஞ்சு போச்சு.”

சில வருடங்களுக்கு முன்பு அவள் முகத்தில் காலை நேர வீக்கம் தெரிந்தது. நான்தான் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தன. அதன் பிறகு டயாலிசிஸ். வாரத்தில் சில நாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கித் திருவண்ணாமலைக்குப் போவாள். முடிந்ததும் களைப்பு தாங்காமல் கலசப்பாக்கத்தில் அம்மா வீட்டில் தங்கி, மறுநாள் ஏறி வருவாள். யாராவது பாவம் என்று பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. ஒரு நாள் கடையின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. டயாலிசிஸ் நேரத்தை எழுதி, அந்த நேரத்தில் போன் செய்யுங்கள் என்று போட்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஓய்வெடுக்கிற நேரத்தில் ஏன் இப்படி என்று கேட்டேன்.

“ஊசி குத்தியிருக்கறது எடது கை அக்கா. வலது கை சும்மாதானே கெடக்குது? அந்த மிஷின் சத்தத்தையே கேட்டுக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும். யாரனா போன் பண்ணி மவுஸ் ஓடலன்னு சொன்னா நல்லா இருக்குது.”

அப்படித்தான் மலையில் பாதி வீடுகளின் கணினிகள் திருவண்ணாமலைக் கட்டிலிலிருந்து சரி செய்யப்பட்டன. அவள் முதலில் கேட்பது ஒன்றேதான். “ஸ்கிரீன்ல இன்னா எழுதியிருக்கு? ஒரு எழுத்து வுடாம படிங்க.” பாதிப் பிரச்சினை படிக்கும்போதே தீர்ந்துவிடும். படிக்காமல் அமுக்குவதுதான் நம் வியாதி என்பாள். ஆங்கிலம் தெரியாதவர்கள் எழுத்துக் கூட்டிச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்பாள். கூப்பிட்டவர் போதும் என்று சொல்லும்வரை அவளாகப் போனை வைத்து நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு மறக்க முடியாதது கோவிந்தசாமி அண்ணன் வீட்டில் நடந்தது. அவர் மலைப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்கு எதிர் வீடு. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். ஒரு காலை அவர் வீட்டிலிருந்து சைரன் மாதிரிச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. என்னவோ என்று போய் எட்டிப் பார்த்தேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கணினியைத் தொடாமல் அதன் முன் உட்கார்ந்திருந்தார். திரையில் அம்புக்குறி தானாக ஓடிக்கொண்டிருந்தது.

“வைரஸ் வந்துட்ச்சும்மா. கம்ப்யூட்டர்ல சைரன் அடிச்சு, ஸ்கிரீன்லயே நம்பர் வந்துச்சு. கம்பெனிக்காரங்கதான் பேசறாங்க. ஏதோ புரோகிராம் ஒண்ணு ஏத்தச் சொன்னாங்க, ஏத்தினேன். அவங்களே சரி பண்றாங்க,” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

திரையில் அவருடைய வங்கியின் பக்கம் திறந்துகொண்டிருந்தது. என் போனில் ஜெயந்தியைக் கூப்பிட்டேன். அன்று அவளுக்கு டயாலிசிஸ். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது. நான் பாதிதான் சொன்னேன்.

“அக்கா, பேசாதீங்க. மொதல்ல இண்டர்நெட் பொட்டிய புடுங்குங்க. செவுத்துல லைட்டு எரியுது பாருங்க, அதான். நெட்டு போச்சுன்னா அவன் கையும் போச்சு.”

பிடுங்கினேன். அம்புக்குறி அப்படியே நின்றது. கோவிந்தசாமி அண்ணன் பதறி எழுந்தார். “இன்னாம்மா பண்ற? சரி பண்ணிக்கினு இருந்தாங்களே!”

போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஜெயந்தி அவரிடம் பேசினாள். “அண்ணா, கையில இருக்கற போன கட் பண்ணுங்க. எந்தக் கம்பெனியும் ஸ்கிரீன்ல நம்பர் போட்டு உங்கள கூப்புட மாட்டான். இப்ப அக்கா போன்ல பேங்குக்குப் பேசி அக்கவுண்ட்ட நிறுத்தச் சொல்லுங்க. பாஸ்புக் பின்னாடி இருக்கற நம்பர். ஸ்கிரீன்ல பாத்த நம்பர் இல்ல. அப்பறம் சைபர் புகார் கொடுக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர யாரும் தொடாதீங்க.”

வங்கியில் கணக்கை முடக்கினார்கள். எதுவும் போகவில்லை. ஆனால் அந்த மனிதர் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். பஸ் நிறைய ஆட்களை ஏற்றி இறக்கியவர், ஒரு குரலை நம்பி ஏமாந்துவிட்டோமே என்று குறுகிப்போனார். மகனுக்குச் சொல்லாதே என்று என்னிடம் கெஞ்சினார். அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. மனைவியின் படங்கள் எல்லாம் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தன.

ஜெயந்தி அன்று அம்மா வீட்டில் தங்கவில்லை. மதியமே பஸ் ஏறி, பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டு வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. செவிலியராக நான் கொடுக்க வேண்டிய திட்டு அத்தனையும் கொடுத்தேன். “நான் வரலன்னா அண்ணா நாளைக்கே திரும்ப ஆன் பண்ணிடுவாரு அக்கா,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இண்டர்நெட் இல்லாமலே படங்களை மட்டும் முதலில் தனியாக எடுத்தாள். அவர் மனைவி பலாப்பழம் உரிக்கிற படம் ஒன்று திரையில் வந்ததும் அவர் எழுந்து வந்து பார்த்தார். பிறகு அவரிடம் கேட்டுவிட்டு, கணினியில் இருந்த மற்ற எல்லாவற்றையும் அழித்து, வேண்டியதை மட்டும் புதிதாக ஏற்றினாள். பாஸ்வேர்டுகளை என் போனிலிருந்து மாற்றினாள்.

வேலை முடிந்ததும் அவரிடம் சொன்னாள்: “ஏமாந்தது தப்பே இல்ல அண்ணா. அவனுக்கு அதான் தொழிலு, நமக்கு அது தொழில் இல்ல. ஆனா இத மறைச்சீங்கன்னா அவனுக்குதான் லாபம். அடுத்த வூட்ல போய் வேலைய காட்டுவான்.”

அடுத்த நாள் அவரே மகனுக்குப் போன் செய்து சொன்னார். சில வாரங்கள் கழித்து மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஜெயந்தி அவரை அழைத்து வந்தாள். கண்டக்டர் குரலில், நடந்தது அத்தனையும் ஒளிக்காமல் சொன்னார். “சைரன் அடிச்சா பயப்படாதீங்க. கம்ப்யூட்டர் சுச்ச அமுத்திப் புடிங்க, அணைஞ்சிடும். எவனாவது உள்ள வர்றேன்னா வுடாதீங்க,” என்று முடித்தார். பெண்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதன் பிறகு மலையின் அந்தப் பக்கம் உள்ள புதூர்நாடு வரை ஜீப்பில் போய்ப் பேசிவிட்டு வந்தார். சேகர்தான் ஓட்டிக்கொண்டு போனார்.

ஜெயந்தி இறந்த அன்று அஞ்சலி பேனர் அடிக்கப் படம் தேடினார்கள். எல்லோர் படங்களையும் பத்திரப்படுத்தியவளிடம் தன் படம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கல்யாணப் படத்தில் அவளை அடையாளமே தெரியவில்லை. சேகர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது கோவிந்தசாமி அண்ணன் தன் வீட்டுக்குப் போய் ஒரு பென்டிரைவோடு வந்தார். அவர் கணினியில் கேமரா வேலை செய்கிறதா என்று சோதிக்க ஜெயந்தி ஒரு படம் எடுத்திருக்கிறாள். அதை அழிக்காமல் விட்டிருக்கிறாள். அடுத்தவர் கணினியில் எதையும் கேட்காமல் அழிக்கக் கூடாது என்பது அவள் வழக்கம். தான் எடுத்த தன் படத்தைக்கூட அவர்களுடையது என்றே விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

அப்புறம்தான் ஒவ்வொருவரும் அவரவர் கணினியில் அவள் படத்தைத் தேடிப் பார்த்தார்கள். காரியத்தன்று சரோஜா ஒன்று கொண்டு வந்தாள். மலையின் உள் ஊர்களிலிருந்து சிலர் மடிக்கணினியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒன்றில் ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்திருக்கிறாள். ஒன்றில் நெற்றி மட்டும் தெரிகிறது. ஒன்றில் உடம்பு சரியில்லாத முகம். சேகர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இத்தன எடத்துல இருக்காளா,” என்றார். எல்லாவற்றையும் அவருக்கு ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்தோம்.

இப்போது சிலர் எனக்குப் போன் செய்கிறார்கள். எனக்கு அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூடத் தெரியாது. தெரியாது என்றே சொல்கிறேன். சொல்லிவிட்டு, அவர்கள் படிப்பதைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் போதும் என்று சொல்லும்வரை கூடவே இருக்கிறேன். இந்தப் பழக்கம் அவளிடமிருந்து எனக்கு வந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.

கூடவே என் கணினியில் இருந்த படத்தையும். மகளோடு பேசுவதற்குப் புதுக் கேமரா பொருத்திய அன்று எடுத்தது. ஓரத்தில் என் கை தெரிகிறது. தண்ணீர் அதிகம் கூடாது என்பதால் அவளுக்கு நான் எப்போதும் கொடுக்கும் அரை டம்ளர் காபி அந்தக் கையில் இருக்கிறது. ஜெயந்தி திரையை உற்றுப் பார்க்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது. அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். வேறென்ன சொல்லியிருப்பாள்? “தெரியுது அக்கா. வேலை செய்யுது.”