பிச்சாட்டூர் பக்கத்து பீரோ வீடு: மாட்டுப் பொங்கலன்று ஒரு பயணம்

இந்தப் பொங்கலுக்கு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் லீவு. திருப்பதியில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை, திருச்சானூரில் வாடகை அறை. ஒரு நாளில் சொந்த ஊரான தஞ்சாவூர் போய்த் திரும்ப முடியாது. அறையில் படுத்துக்கொண்டு போனைத் தேய்த்துப் பொழுதைக் கழிப்பதில்லை என்று மட்டும் தீர்மானமாக இருந்தேன். கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர்தான் வழி சொன்னார். பிச்சாட்டூர் பக்கம் ஒரு குடும்பம், தாங்கள் குடியிருக்கிற பழைய வீட்டையே பண்டிகை விடுமுறை மூன்று நாளும் வெளியாட்கள் சுற்றிப் பார்க்கத் திறந்துவிடுகிறதாம். மியூசியம் இல்லை, அடுப்பு எரிகிற வீடு.

மாட்டுப் பொங்கலன்று காலை 6.40க்கு ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பதி பஸ் ஸ்டாண்டு வந்தேன். 30 ரூபாய். பிச்சாட்டூருக்கு நேர் பஸ் பண்டிகைக்காக ரத்து. "இன்னிக்கு அது லேதும்மா. புத்தூர்ல எறங்கி மாறிக்கோ," என்றார் கண்டக்டர். புத்தூர் 35 கி.மீ., 55 ரூபாய், எட்டரை மணிக்கு இறங்கினேன். அங்கே ஒரு ஆட்டோக்காரர் எழுநூறு கேட்டார். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஐம்பது நிமிடம் காத்திருந்து, கரும்புக் கட்டுகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் 60 ரூபாய்க்குப் பிச்சாட்டூர் போய்ச் சேர்ந்தேன். கடைசி 4 கி.மீ.க்குத் தனி ஆட்டோ, 100 ரூபாய்.

"பீரோ வூட்டுக்கா? காலைல ஒரு லாரி கூட அங்க போச்சே," என்றார் டிரைவர். அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை.

வீட்டுக்காரர் பெயர் தனலட்சுமி. ஐம்பது வயது இருக்கும், அங்கன்வாடியில் வேலை. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வாசலிலேயே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பார்க்க மட்டும் 50, மதியச் சாப்பாட்டோடு 150. எங்கள் 10.30 மணி சுற்றில் பன்னிரண்டு பேர் இருந்தோம்.

"வூட்ட பூட்டிக்கினு மெட்ராஸுக்கு வந்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க. பூட்டினா கறையான் துன்னுடும். நாலு பேரு நடந்தாத்தான் வூடு நிக்கும்," என்றார். பிறகு விதிமுறை: "எதையும் தொடலாம், தொறக்கலாம். தொறந்தத சாத்திட்டு வரணும். அவ்ளோதான்."

நான் பார்த்த அரண்மனைகளில் எல்லாம் கயிறு கட்டியிருக்கும். இங்கே நூறு வருடத்துப் பித்தளை அண்டாவில் அன்றைய குடிதண்ணீர் இருந்தது. இடுப்புயரப் பீங்கான் ஜாடியில் எலுமிச்சை ஊறுகாய். ரங்கூன் கடிகாரம் சரியான மணி காட்டியது. தேக்கு ஊஞ்சலில் மடிக்காத துணி குவிந்திருந்தது. "மன்னிச்சிக்குங்க, நேத்து தோச்சது," என்று சொல்லிவிட்டு அதை நகர்த்தாமலே ஊஞ்சலின் கதையைச் சொன்னார்.

நடு அறையில் இருந்தது அந்தப் பீரோ. ஏழரை அடி உயரம், பர்மா தேக்கு. இவருடைய கணவரின் தாத்தா மதராசில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா ஏலத்தில் எடுத்து, மாட்டு வண்டியில் கொண்டுவந்தாராம். உள்ளே போர்வைகள், பட்டுப் புடவைகள், பள்ளிச் சான்றிதழ்கள், குக்கர் வாரண்டி அட்டை.

"இது என் பங்கு இல்ல. என் கொழுந்தனாருது. இன்னிக்கு எடுத்துக்கினு போறாரு. நல்லா பாத்துக்குங்க," என்றார் தனலட்சுமி. குரலில் குறை எதுவும் இல்லை.

அப்போதுதான் பின்கட்டிலிருந்து அந்தக் கொழுந்தனார் வந்தார். சேகர், சென்னையில் இருப்பவர். கூடவே பழம்பொருள் வியாபாரி ஒருவரும் மூன்று ஆட்களும். பீரோவை ஏதோ ஹோட்டலுக்கு விற்கிறார்களாம். வியாபாரி டேப்பை வைத்துப் பீரோவை அளந்தார், வாசலை அளந்தார், உதட்டைப் பிதுக்கினார். பீரோவை உள்ளே வைத்த பிறகுதான் அந்தக் காலத்தில் சுவரே எழுப்பியிருக்கிறார்கள்.

"குறுக்கால ரெண்டா அறுத்துடலாம் சார். அங்க போய் ஒட்டிக்கலாம், தெரியாது."

சேகர் தலையாட்டிவிட்டார். ஒரு ஆள் ரம்பம் எடுக்க லாரிக்குப் போனார். டிக்கெட் வாங்கிக்கொண்டு இப்படி ஒன்றைப் பார்க்க நேர்ந்துவிட்டதே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

தனலட்சுமி போய்ப் பீரோவின் முன்னால் நின்றார். "சேகரு, பொருளு உன்னுது. நான் குறுக்க நிக்கல. ஆனா அறுக்காம எடு."

"எப்படி அண்ணி? வாசல்ல போகாதே."

"பாக்கலாம். வா, மொதல்ல காலி பண்ணு."

புடவைகளை அவரே எடுத்துக் கட்டில்மேல் அடுக்கினார். கதவுகளைக் கழற்றினோம். நினைத்துத்தான் எழுதுகிறேன், கழற்றினோம் என்று. இடது கதவைத் தாங்கிப் பிடித்தவள் நான்தான். நெல்லூரிலிருந்து வந்திருந்த ஒருவரும் அவர் மருமகனும் அடியில் சாக்கு விரித்தார்கள். தட்டுகள், இழுப்பறைகள், மேல் விளிம்பு எல்லாம் வெளியே வந்தன. மிச்சமிருந்த கூட்டைப் படுக்கவைத்து, சாய்த்து, நிமிர்த்தி, ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடினோம். நான்கு விரல் அகலம் இடித்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே நான்கு விரல்.

தனலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சரே. நிலைய பேத்துடலாம்."

"இன்னா அண்ணி?"

"வாசக்கால. மரம்தான? பேத்தா திருப்பி வெச்சிக்கலாம். அறுத்தத ஒட்ட முடியாது." சொல்லிவிட்டுக் கொல்லையிலிருந்து கடப்பாரையைத் தானே எடுத்துவந்தார். முதல் குத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. மிரட்டுவதற்காகச் செய்யவில்லை, இரண்டாவது குத்துக்குக் கையை ஓங்கியும்விட்டார்.

சேகர் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதை விடவில்லை.

"வேணாம் அண்ணி," என்றார் கடைசியில். "எனக்காக வூட்ட இடிப்பியா நீ?"

"உன் பொருளு முழுசா போவணும். அதான்."

அவர் வியாபாரியிடம் திரும்பி, "நீங்க கெளம்புங்க," என்றார். அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போனார். லாரிச் சத்தம் அடங்கும்வரை சேகர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அதன்பின் யாரும் சொல்லாமலே எல்லோரும் சேர்ந்து பீரோவை நிமிர்த்தினோம்.

சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் கிடைத்தது. மொச்சைக் குழம்பு, சர்க்கரைப் பொங்கல். யாரும் தாமதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2.30 சுற்றுக்கு ஒரு தெலுங்குக் குடும்பம் வந்தபோது தனலட்சுமி இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேகர்தான் எழுந்து போய், "ரண்டி ரண்டி, செப்புலு இக்கட வதலண்டி," என்று செருப்புக்கு இடம் காட்டினார். பீரோவின் முன் நின்று "இது என்னுது" என்றார். விற்கத்தான் வந்தேன் என்பதையும் அவரே அவர்களிடம் சொல்லிவிட்டார்.

அவருக்குப் பணத் தேவை இல்லாமல் போய்விடவில்லை. அடுத்த வருடம் என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் ஒரு பொருளைக் காப்பாற்றுவது என்றால் அதை யாருக்கும் கொடுக்காமல் இருப்பது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கொடுக்கத் தயாராக இருந்து, முழுசாகத்தான் கொடுப்பேன் என்று நிற்பதும் காப்பாற்றுவதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: விடுமுறை மூன்று நாள் மட்டும்தான் அனுமதி. திருப்பதியிலிருந்து ஆறு மணிக்கே கிளம்புங்கள், நேர் பஸ்ஸை நம்ப வேண்டாம். பிச்சாட்டூரில் இறங்கி "பீரோ வூடு" என்றால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவிடுவார். திரும்பும்போது ஐந்து மணிக்குள் பிச்சாட்டூரில் இருந்தால் புத்தூருக்கு வண்டி கிடைக்கும். எனக்குப் போய்வர எல்லாம் சேர்த்து, சாப்பாடு உட்பட, 640 ரூபாய் ஆனது.

இன்னொன்று. பீரோவின் இடது கதவு கீழே லேசாக உரசும். மாட்டியது நாங்கள். திறந்து பார்த்துவிட்டுச் சாத்தும்போது கொஞ்சம் தூக்கிச் சாத்துங்கள்.