மஞ்சள் ஒட்டிய வெள்ளிக்காசு

அது ஆடிவேல் தேர் காலி வீதியால் வந்துபோன மறு ஞாயிறு. வருடத்தையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நான் அப்போது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பரீட்சையை ஒருவர் ஒருமுறைதான் எழுதலாம் என்பதால் இதில் பிழை வர இடமில்லை. மற்ற விஷயங்களில் எனக்கு இத்தனை உறுதி கிடையாது.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா கிழமை நாட்களில் கந்தோர்க் கணக்குப் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் காசு பார்ப்பவர். செலவழிக்கும் காசு அல்ல. பிரித்தானிய மன்னர்களின் தலை பதித்த பழைய இலங்கைக் காசுகளை வருட வரிசையில் ஓர் அல்பத்தில் அடுக்கி வைத்திருந்தார். ஐந்தாம் ஜோர்ஜின் வெள்ளி ஐம்பது சத வரிசையில் ஒரு குழி மட்டும் வெறுமையாக இருந்தது. வீட்டுக்கு வருபவர்களுக்கு அப்பா முதலில் காட்டுவது அந்தக் குழியைத்தான்.

நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் சரித்து, காசை விளிம்பில் மட்டும் பிடித்துப் பார்ப்பார். நேர் வெளிச்சத்தில் மறைந்துகிடக்கும் கீறல் சரிந்த வெளிச்சத்தில் மயிரிழை போல மின்னும். பையிலோ உண்டியலிலோ மற்றக் காசுகளோடு கிடந்து வந்த எந்தக் காசிலும் அந்த மயிர்க்கீறல்கள் இருக்கும். கொட்டாஞ்சேனையில் அவர் காசு வாங்கும் பழைய சாமான் கடைக்காரர், "அந்தக் கீறல் ஐயாட கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்" என்று முணுமுணுத்தபடி விலையைக் குறைப்பார். அப்பாவுக்கு அது பாராட்டு. ஆனால் கீறல் எப்போதும் இருந்தது. நானும் லென்ஸில் பார்த்திருக்கிறேன்.

அன்று அவர் படியேறி வந்த வேகத்திலேயே குழி நிரம்பப் போகிறது என்று விளங்கிவிட்டது. சட்டையைக்கூட மாற்றாமல் விளக்கின் முன் இருந்தார்.

"ஒரு கீறல் இல்லை, பிள்ளை. துணிக்குள்ளையே கிடந்த காசு. வெளி உலகத்தையே காணேல்லை."

லென்ஸை எனக்குத் தந்தார். மன்னரின் தாடி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இடையிடையே ஏதோ பொடி.

"அப்பா, ராசாவின்ரை தாடிக்குள்ளை மஞ்சள்!"

பகிடியாகத்தான் சொன்னேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா கையைக் கழுவாமலே வந்தார். அப்பாவின் காசுகளை அம்மா அதுவரை திரும்பிப் பார்த்தவர் அல்ல. லென்ஸை வாங்கி, பிடிக்கத் தெரியாமல் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"இது நேர்த்திக் காசெல்லே."

வீட்டில் ஒருவருக்கு நோய் வருத்தம் வந்தாலோ, போனவர் திரும்பாவிட்டாலோ, மஞ்சள் நீரில் தோய்த்த துணியில் ஒரு காசை முடிந்து சாமிப்படத்துக்குப் பின்னால் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நினைத்தது நடந்த அன்று அவிழ்த்துக் கோயில் உண்டியலில் போடுவார்கள். நடக்கும்வரை அவிழ்ப்பதில்லை. எங்கள் முருகன் படத்துக்குப் பின்னாலும் ஒரு முடிச்சு இருந்தது. அது மாமாவுக்காக, அம்மாவின் ஒரே தம்பிக்காக முடிந்து வைத்தது. கனடாவுக்கென்று ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டவர், நடுவழியில் ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து, காலி வீதிக் கொமியூனிகேஷன் கடைக்கு ஒருமுறை போன் எடுத்திருந்தார். "சப்பாத்துக்குள்ளை பேப்பர் வைச்சுக்கொண்டு நடக்கிறன், அக்கா" என்று சிரித்தாராம். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

"உண்டியலுக்குப் போகவேண்டின காசு கடைக்கு எப்பிடி வந்தது?" அம்மாவின் குரல் சண்டைக்கு வந்தவர் குரல் போல இருந்தது. "போன ஆள் இனி வரமாட்டுது எண்டு அவிழ்த்து வித்துப்போட்டினமோ?"

அப்பா லென்ஸை வாங்கி மறுபடி பார்த்தார். இம்முறை அவர் விளக்கைச் சரிக்கவில்லை.

"உண்டியலிலை விழுந்த காசுதான். மற்றக் காசுகள் உரஞ்சின கீறல் கிடக்கு. அவையின்ரை ஆள் வந்திட்டுது, காசைப் போட்டிட்டினம். பிறகு கோயில்காரர் வித்திருப்பினம். நீர் ஏன் பயப்பிடுறீர்?"

"எங்கை கீறல்?"

"உமக்குத் தெரியாது. அதுக்குப் பழக்கம் வேணும்."

"பிள்ளைக்குப் பழக்கம் இருக்குத்தானே. குடுங்கோ அவளிட்டை."

நான் விளக்கைச் சரித்துத் தேடினேன். மன்னரின் கன்னம், கழுத்து, கிரீடம் எல்லாம் பளிங்கு போல இருந்தன.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"வடிவாப் பார்."

"வடிவாத்தான் பாக்கிறன். இல்லை."

அப்பா என் தலையைத் தடவினார். "பிள்ளைக்குக் கண் கொஞ்சம் குறைவு போலை. இராப்பகலாப் படிக்கிறாள் என்ன."

அந்த லென்ஸைப் பிடிக்கத் தெரிந்தவள் என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசியவர் அவர். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னைக் காலி வீதியில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். ஆத்திரம் தீராமல், அட்டையின் மூலையில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தேன். கடைக்காரர் சிரித்தார்.

"கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, மிஸ். என்ர கண்ணை விட நல்லம்."

அம்மா சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். அவரோ, "மெல்லிய கீறல் எண்டாலும் தெரியுமோ?" என்று கேட்டார்.

"இருந்தாத் தெரியும்."

திரும்பும்போது அம்மா வீட்டு வாசலைத் தாண்டி நேரே இறங்கி நடந்தார். தண்டவாளத்தின் அருகே, கடலைப் பார்த்தபடி நின்றார். கல்கிசைப் பக்கம் போகும் ரயில் ஒன்று எங்களுக்கும் கடலுக்கும் நடுவே போனது. வாசல்களில் தொங்கியபடி போனவர்களின் முகங்களை அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சந்திக்குத் திரும்பி, மரக்கறிக் கடையில் காரட் வாங்கினார்.

"கொஞ்சம் குறைவாம்," என்றார் அப்பாவிடம். "கண்ணாடி தேவையில்லையாம். காரட் குடுக்கச் சொன்னவர்."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளில் அழுத்தியது.

"நான் சொன்னனான்தானே," என்றார் அப்பா.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது முருகன் படத்துக்குப் பின்னால் இரண்டு முடிச்சுகள் இருந்தன. அல்பத்தின் குழி வெறுமையாகவே கிடந்தது. இரண்டாவதை யார் முடிந்தது என்பதை இன்றுவரை என்னால் நிச்சயிக்க முடியவில்லை. அப்பாவைக் கேட்டால் அம்மாவைக் கேள் என்பார். அம்மாவைக் கேட்டால் அப்பாவை. இப்போது அப்பா இல்லை. மாமாவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஒவ்வோர் ஆடியிலும் அம்மா புதிய துணி தோய்த்துப் பழைய முடிச்சுகளின் மேலேயே சுற்றிக் கட்டுகிறார். இரண்டும் இப்போது எலுமிச்சம்பழ அளவுக்குப் பருத்துவிட்டன. லென்ஸ் என்னிடம் இருக்கிறது. வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயது எனக்கும் வந்துவிட்டது.

அம்மா காரட் வாங்கிய அன்று தொடங்கிப் பரீட்சை முடியும்வரை ஒவ்வொரு வேளையும் காரட்தான். சம்பலாக, பால்கறியாக, ஒன்றும் முடியாத நாளில் பச்சையாக. அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், நான் கடைசித் துண்டை விழுங்கும்வரை என் சோற்றுக்கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அச்சகத்தின் பெயரையே வாசித்த பிள்ளைக்கு எதற்குக் காரட் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.