நீளக் காரும் மாமன் மாலையும்

திருப்பாதிரிப்புலியூரில் எந்தக் கல்யாண மண்டபத்தைப் பார்த்தாலும் வாசலில் மாட்டுக் கொட்டகை உயரத்துக்கு ஒரு வண்டி நிற்கிறது. கூரையில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு மாப்பிள்ளை. இதற்குப் பெயர் சொகுசாம்! பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சொகுசு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கம்மாபுரம் பக்கம் லாரி ஓட்டிச் சம்பாதித்தவன் நான். குலுங்கிக் குலுங்கி முதுகு போன பிறகு, சென்னையில் ஒரு டாக்டர் வைத்திருந்த வெளிநாட்டு செடானை வாங்கி வந்தேன். நீளமான, தாழ்வான கறுப்பு வண்டி. பின்சீட்டில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து சிதம்பரம் போகலாம், தளும்பாது. அப்போதெல்லாம் நாலு காசு சேர்ந்தவனுக்கு முதல் ஆசையே அந்த மாதிரி வண்டிதான். முந்திரி வியாபாரி வாங்கினார், கான்ட்ராக்டர் வாங்கினார். பாண்டிச்சேரி ஷோரூமில் வரிசையாக அவைதான் நிற்கும். எங்கள் சொந்தத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் என் வண்டிதான் போகும். மண்டபம் பிடிப்பதற்கு முன்னாலேயே என்னிடம் வந்து கேட்பார்கள்.

பிறகு எல்லோருக்கும் உயரப் பைத்தியம் பிடித்தது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கீரப்பாளையம் பக்கம் உளுந்து பிடுங்கினால் செடியைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள், வண்டி ஏறினால் தானாக உதிருமே என்று. ஒரு தடவை அது என் வண்டியின் அடியில் சுருட்டிக்கொண்டு புகைந்தே விட்டது. இறங்கிச் சத்தம் போட்டேன்.

“இன்னா சார், தரையோட தரையா ஒரு வண்டிய வாங்கிட்டு எங்கள திட்டறீங்க?” என்று சிரித்தார்கள்.

போன வருஷம் அதே பாண்டிச்சேரி ஷோரூமுக்குப் போனேன். ஒரு செடான்கூட இல்லை. “அத யாரும் கேக்கறதில்ல சார். ஆர்டர் குடுத்தா வரவழைச்சித் தரோம்” என்றார் அங்கிருந்தவர். என் பழைய வண்டியிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

சரி, ஊர் எப்படியோ போகட்டும். என் தங்கச்சி மகனுமா?

சிதம்பரத்தில் கல்யாணம். தங்கச்சிக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். எங்கள் வழக்கப்படி, கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பும் முன்னால் மாப்பிள்ளை கழுத்தில் தாய்மாமன் மாலை விழ வேண்டும். அந்த உரிமை எனக்கு மட்டும்தான். ஆனால் என் வண்டி வேண்டாம் என்றான்.

“தப்பா நெனைக்காதீங்க மாமா. ஒங்க வண்டில மேல நிக்க முடியாதே.”

“ஏன் மாப்ள, நீ கல்யாணம் கட்டப் போறியா, எலக்‌ஷன்ல நிக்கப் போறியா?”

தங்கச்சி நடுவில் வந்தாள். “சின்னப் பையன் ஆசப்படறான், வுடுண்ணே.” விட்டேன்.

அன்றைக்குச் சம்பங்கி மாலையோடு கோயில் வாசலுக்குப் போனால், வாடகைக்கு எடுத்த உயர வண்டியின் ஓட்டையில் அவன் ஏற்கெனவே நிற்கிறான். கூலிங் கிளாஸ் வேறு. வீடியோ எடுப்பவர் என்னிடம் ஓடி வந்தார்.

“அண்ணே, அப்பிடியே மேல தூக்கி எறிங்க. அவரு புடிச்சிக்குவாரு. வீடியோல சூப்பரா வரும்.”

மாமன் மாலையை எறிவதா? அது என்ன நாய்க்குப் போடும் பொறையா?

“போடுங்க மாமா, எல்லாரும் வெயிட் பண்றாங்க” என்றான் மேலிருந்து.

“நல்ல நாளு அதுவுமா பிரச்சன பண்ணாதண்ணே” என்று தங்கச்சி என் கையைப் பிடித்தாள். உதறினேன். இவன் இறங்காவிட்டால் மாலையோடு ஊருக்குப் போய்விடுவது, இனிமேல் தங்கச்சி வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

“எறங்குடா கீழ!”

மேளம் நின்றுவிட்டது. பெண் வீட்டார் என்னைக் குடிகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவன் அம்மாவைப் பார்த்தான். என் தங்கச்சி என் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள். பிறகு, “எறங்கு. அவுரு ஒம் மாமன்” என்றாள்.

கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு ஓட்டைக்குள் இறங்கி, கதவைத் திறந்துகொண்டு வந்து என் முன்னால் நின்றான். என்னைவிட ஒரு சாண் உயரம் அவன். தலையை லேசாகச் சாய்த்தான்.

“இன்னும் குனி” என்றேன்.

குனிந்தான்.