பதினாலாம் பக்கத்தில் ஏழு முக்கோணங்கள்

1995-ஆம் வருடம் என்று நினைக்கிறேன். மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் சித்தப்பா லெண்டிங் லைப்ரரி வைத்திருந்தார். பி.காம். முடித்துவிட்டு ஊரில் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நான், தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே போய் உட்காருவேன். வயது இருபத்திரண்டு. ஆனால் வாய் மட்டும் நாற்பது வயதுக்காரியின் வாய். யார் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறார்கள், யார் புத்தகத்தைச் சாம்பார்க் கறையோடு திருப்பித் தருகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் ஒரு பெருமை வேறு.

லெண்டிங் லைப்ரரிக்குப் போனவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு வைப்பார்கள். ஒருவர் இருபத்தைந்தாம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார், இன்னொருவர் கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளி. ஒரே கார்டில் வீட்டில் மூன்று பேர் படித்தால் மூன்று குறி இருக்கும். புத்தகத்தில் கிறுக்காதீர்கள் என்று சித்தப்பா போர்டு எழுதி மாட்டியிருந்தார். யாரும் கேட்டதில்லை. எந்தக் குறி யாருடையது என்று எனக்கு மனப்பாடம்.

அப்படி ஒரே கார்டில் படித்த ஒரு குடும்பம் எங்கள் லைப்ரரிக்கு அடுத்த தெருவில் இருந்தது. அப்பாவுக்கு ஆன்மிகப் புத்தகங்கள். அம்மா ஓய்வு பெற்ற ஆங்கில டீச்சர். அவருக்கு பைண்டு செய்த தொடர்கதைகள். ஒரே பையன். இருபத்தேழு வயது, தி.நகரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிற வேலை. அவர் எடுப்பதெல்லாம் ஆங்கில காமிக்ஸ்தான். பறக்கிற ஆட்கள், முகமூடி போட்ட ஆட்கள், இடுப்பில் பெல்ட் கட்டிய ஆட்கள். லஸ் பக்கத்து நடைபாதைக் கடைகளிலிருந்து சித்தப்பா மூட்டையாக வாங்கி வந்த பழைய இதழ்கள் அவை. "இந்த வயசுல பொம்மை புக்கா?" என்று நான் கிண்டல் செய்தால், "எங்காத்துல எனக்கு இன்னும் பத்து வயசுதான்" என்று சிரிப்பார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவருடைய குறி ஒரு குட்டி முக்கோணம். எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில்தான் போடுவார்.

ஒரு நாள் அவர் திருப்பித் தந்த ஒரு காமிக்ஸை அடுக்கும்போது, பதினாலாம் பக்கத்தின் ஓரத்தில் முக்கோணங்களைப் பார்த்தேன். ஒன்றல்ல, ஏழு. ஒன்றன் கீழ் ஒன்றாக. ரிஜிஸ்டரைப் புரட்டினால், மனிதர் எட்டு மாதத்தில் அதே புத்தகத்தை ஏழு தடவை எடுத்திருக்கிறார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

ஆறு பேர் கொண்ட ஒரு வீரர் கூட்டம். அதில் காற்றை வசப்படுத்தத் தெரிந்த ஒருவன், அவ்வளவு முக்கியமில்லாதவன். நீ ஏன் எப்போதும் தனியாகவே உட்கார்ந்திருக்கிறாய் என்று தோழி ஒருத்தி கேட்கிறாள். அவன் முகமூடியைக் கழற்றிவிட்டு, நான் ஆண்களை நேசிக்கிறவன், இந்த முகத்தை மறைத்ததை விட அதிக காலம் இதை மறைத்திருக்கிறேன் என்கிறான். இரண்டே படம். அடுத்த பக்கத்தில் வில்லன் வந்து கட்டடத்தை இடிக்கிறான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதை இன்றைக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த மாதிரி ஆட்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சினிமாவில் சிரிப்புக்காக இடுப்பை வளைத்து நடந்து வருகிற பாத்திரங்கள்தான். இவரோ சட்டையை இன் பண்ணிக்கொண்டு, நெற்றியில் மெல்லிய சந்தனக் கோட்டோடு வருகிறவர். ஓகோ, சங்கதி இப்படிப் போகிறதா என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை அவர், "இதையெல்லாம் ஒரு நாள் படமா எடுப்பா, பாருங்கோ. ஆனா ஒருத்தனை மட்டும் விட்டுடுவா" என்று சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வாரமே அவருடைய அம்மா தொடர்கதை மாற்ற வந்தார். மாமிக்கும் எனக்கும் நல்ல பழக்கம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"மாமி, உங்க பிள்ளைக்கு இந்த ஒரு புக் மேல அப்படி என்ன ஆசைன்னு தெரியல. ஏழு தடவை எடுத்திருக்காரு. ஒவ்வொரு தடவையும் இதே பக்கத்துல முக்கோணம் வேற" என்று சொல்லிப் பக்கத்தையும் பிரித்து நீட்டினேன்.

அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று யாரிடமாவது காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் அது இன்னும் மோசம்.

மாமி மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் முகம் மெல்ல மாறியது. மறுபடி படித்தார். ஏழு முக்கோணங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இதை வேற யார்கிட்டயாவது காமிச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "காமிக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தான் எடுத்த தொடர்கதையை மேசையிலேயே விட்டுவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

மூன்று வாரம் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் கடை திறந்ததுமே அவர் வந்தார். தோளில் பெரிய பை. தாடி வளர்ந்திருந்தது. கார்டை மேசைமேல் வைத்து, "இது இனிமே எனக்கு வேண்டாம். அம்மாவும் அப்பாவும் வச்சுக்கட்டும்" என்றார்.

என்ன சொல்வது என்று தெரியாமல் நான் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதற்காக இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். "அந்த புக் இன்னும் திரும்பி வரலையே" என்றேன்.

"அப்பா கிழிச்சுட்டார்."

போவார் என்று நினைத்தேன். போகவில்லை. குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "நான் எதுக்கு அத்தனை தடவை எடுத்தேன்னு நினைச்சேள்? படிக்கறதுக்கா? அது எனக்கு மனப்பாடம். இந்த மயிலாப்பூர்ல, மந்தைவெளில, இங்கே புக் எடுக்கற இத்தனை பேர்ல, அந்தப் பக்கத்துல வேற யாராவது ஒருத்தர் ஒரு குறி போட்டிருப்பாளான்னு பாக்கத்தான். ஒவ்வொரு தடவையும் என்னோடதை மட்டும் போட்டுட்டுத் திருப்பிக் குடுத்தேன். ஒருத்தரும் போடலை."

மன்னிச்சிடுங்க என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு லஸ் பக்கம் நடந்து போனார். நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி.

ஆறேழு மாதம் கழித்து மாமி தனியாக வந்தார். மெலிந்துபோயிருந்தார். பையன் டெல்லியிலோ பம்பாயிலோ இருக்கிறான், கடுதாசி போடுவதில்லை என்றார். நான் அழ ஆரம்பித்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன்னைச் சொல்லி என்னடி? அவனாவே ஒரு நாள் என்கிட்ட சொல்லியிருப்பான். நாளைக்கோ, அடுத்த வருஷமோ, மெதுவா சொல்லியிருப்பான். நான்தான் அவசரப்பட்டு புஸ்தகத்தை அவன் முன்னாடி வச்சுண்டு என்னடா இதுன்னு கேட்டேன். அவன் அப்பா வாசல்ல நின்னுண்டு கேட்டுண்டிருந்ததைப் பாக்கலை. அப்புறம் என் பேச்சை யார் கேக்கறா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் படிக்கிற மாதிரி புத்தகங்களைக் கொஞ்சம் எடு என்றார். வாழ்க்கையில் காமிக்ஸைத் தொடாத மாமி, அதற்கப்புறம் வாரம் இரண்டு நாள் வந்து, கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு இதழாகப் புரட்டினார். பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல ஒரு பக்கம் விடாமல் படிப்பார். ஒரு வருடத்தில் எங்களிடம் இருந்த எல்லாவற்றையும் முடித்துவிட்டார். கடைசி இதழை மூடி வைத்த அன்று என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவ்வளவு பேர் பறக்கறா. நெருப்புல நடக்கறா. சமுத்திரத்துக்கு அடியில மூச்சு விடறா. அவனாட்டம் இன்னொருத்தன் கூடவாடி இல்லை?"

இல்லை மாமி என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார்.

கேபிள் டிவி வீட்டுக்கு வீடு வந்த பிறகு லைப்ரரிக்கு ஆள் வருவது குறைந்து, சித்தப்பா கடையை மூடிவிட்டார். அவர்கள் நங்கநல்லூர் பக்கம் வீடு மாற்றிப் போனதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளை திரும்பி வந்தாரா, மாமி அவரைப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. விசாரித்துப் போகிற தைரியமும் எனக்கு வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் என் மகள் வேளச்சேரி மாலுக்கு ஒரு ஆங்கிலப் படத்துக்கு அழைத்துப் போனாள். நாலைந்து வீரர்கள் உலகத்தைக் காப்பாற்றுகிற கதை. அதில் ஒரு வீரன் சண்டைக்குக் கிளம்பும்முன் தன் கணவனைக் கட்டிக்கொண்டு விடைபெறுகிறான். பின்வரிசையில் இரண்டு பேர் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். என் மகள் எதுவும் நடக்காததுபோல பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் கண்ணீர் நிற்கவில்லை. என்னம்மா, சண்டைப் படத்துக்கா அழற என்று கேட்டாள். அவளிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது யாரைப் பற்றியாவது ஏதாவது என் காதில் விழுந்தால் அது என்னோடு நின்றுவிடும். வீட்டில்கூட நீ ரொம்ப அழுத்தக்காரி ஆகிவிட்டாய் என்கிறார்கள். நமக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது என்ற சின்ன விஷயம் எனக்குப் புரிவதற்கு, ஒருவர் தன் வீட்டை விட்டே போக வேண்டியிருந்தது.